முதன்முறையாகத் தேர்வறைக் கண்காணிப்புக்குச் செல்லும் ஆசிரியருக்கு

பிப்ரவரி முடியும் நேரத்தில் பள்ளிக்கு வரும் பொதுத்தேர்வுப் பணி ஆணைகளில் உங்கள் பெயருக்கு நேராக ‘அறைக் கண்காணிப்பாளர்’ என்று முதன்முறையாக அச்சிடப்பட்டிருந்தால், மூத்த ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே அறிவுரையைத்தான் சொல்வார்கள்: “ஒண்ணுமில்ல சார், மூணு மணி நேரம் சும்மா நிக்கணும், அவ்வளவுதான்.” இந்த அறிவுரையை நம்பிச் சென்றவர்கள்தாம் விடைத்தாள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்து, மாலை வரை, தேர்வு மையத்தின் பொறுப்பாளரான முதன்மைக் கண்காணிப்பாளரின் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். நிற்பது இந்தப் பணியின் எளிய பகுதி. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எதைப் பார்த்தும் பாராதிருப்பது, எந்தத் தாளில் எப்போது கையெழுத்திடுவது ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பிற தேர்வுகளில் நேரமும் படிவமும் மாறினாலும், அறைக்குள் நடப்பவை ஏறத்தாழ இவையே.

காப்பியடிப்பவரைப் பிடிப்பதுதான் கண்காணிப்பு என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். ஓர் அறையில் வழக்கமாக இருபது மாணவர்கள் இருப்பார்கள். அவர்களில் ஓரிருவர் ஏதாவது முயலலாம். மற்றவர்கள் அனைவரும் ஓராண்டுப் படிப்பை மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்க வந்தவர்கள். அவர்களுடைய நேரமும் அமைதியும் எவராலும், குறிப்பாக நம்மால், குலையாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. இதைச் சரியாகச் செய்யும் அறையில் காப்பியடிக்கும் முயற்சியும் தானாகவே குறைந்துவிடும்.

அறைக்குள் நுழையும் முன்

எந்த மையம் என்பது ஆணையிலிருந்தே தெரிந்துவிடும். எந்த அறை என்பது அன்றன்று காலையில் குலுக்கல் முறையில்தான் முடிவாகும். தேர்வுப் பாடத்தை நடத்தும் ஆசிரியருக்கு அன்று அறைப்பணி தரமாட்டார்கள். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. எடுத்து வந்தால் அணைத்து முதன்மைக் கண்காணிப்பாளர் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். எனவே கையில் ஒரு கடிகாரம் அவசியம். அறைச் சுவரில் கடிகாரம் இருந்தாலும் அது ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நடக்கும்போது ஓசை எழுப்பும் காலணியும் குலுங்கும் வளையலும் சாவிக்கொத்தும் அன்றைக்கு வேண்டாம். நாளிதழ், திருத்த வேண்டிய கட்டுரை ஏடுகள், மதிப்பெண் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் பழக்கம் சிலருக்கு உண்டு. மூன்று மணி நேரத்தில் அவற்றுக்கு ஒதுக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது, கிடைத்தால் வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள்.

விடைத்தாள்களைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவரின் ஒளிப்படமும் பதிவெண்ணும் அச்சிட்ட முகப்புத்தாள், அதாவது நாம் ‘டாப் ஷீட்’ என்று சொல்வது, முதன்மை விடைத்தாளுடன் முன்கூட்டியே வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். ஒருவருக்குரிய விடைத்தாளில் மற்றொருவர் எழுதிவிட்டால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஆகவே இருக்கைப் பட்டியலில் உள்ள பதிவெண் வரிசையும் கையிலுள்ள கட்டின் வரிசையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அறைக்குப் போகும் முன்பே சரிபார்க்க வேண்டும்.

பிறகு அறையைப் பாருங்கள். மாணவர்கள் வருவதற்குள் மேசைகளின் மேற்பரப்பையும் அருகிலுள்ள சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவது பின்னால் வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கும். பென்சிலால் எழுதிய சூத்திரம் சென்ற ஆண்டு யாரோ எழுதியதாகவே இருக்கலாம். ஆனால் பறக்கும் படை வரும்போது அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வரைபடங்கள், பாட அட்டவணைகள் மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். மின்விசிறி எந்த இருக்கையின் தாளைப் பறக்கச் செய்கிறது, காலை வெயில் எந்தச் சன்னல் வழியாக எந்த முகத்தில் விழுகிறது என்பவற்றையும் இப்போதே கவனித்துவிட்டால் பத்தரை மணிக்கு மேசையை நகர்த்தி ஓசை எழுப்ப வேண்டியிருக்காது.

பத்து மணி முதல் பத்தேகால் வரை

மாணவர்களைச் சோதிப்பதில் கண்ணியம் மிக முக்கியம். சட்டைப்பையைத் துழாவுவதைவிட, “பையில், பெட்டியில் ஏதாவது இருந்தால் இப்போதே வெளியே வைத்துவிடுங்கள், யாரையும் ஒன்றும் கேட்கமாட்டேன்” என்று பொதுவாகச் சொல்லி ஒரு நிமிடம் கொடுத்தால், மறந்துபோய்க் கொண்டுவந்தவர்களும் மறக்காமல் கொண்டுவந்தவர்களும் எழுந்து போய் வைத்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டிய நிலை வந்தால் அதைப் பெண் ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும். மடக்கை அட்டவணை அனுமதிக்கப்படும் தேர்வுகளில் அதன் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். விளிம்பில் மங்கலான பென்சில் எழுத்துகள் இருப்பது புதிதன்று.

வினாத்தாள் உறை முத்திரை குலையாமல் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக இரண்டு மாணவர்களிடம் கையொப்பம் பெற்ற பிறகே அதைப் பிரிக்க வேண்டும். பத்து மணி முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிப்பதற்கு, அடுத்த ஐந்து நிமிடம் முகப்புத்தாளின் விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவதற்கு, 10.15 முதல் 1.15 வரை விடை எழுதுவதற்கு. படிக்கும் பத்து நிமிடத்தில் மாணவர் கையில் பேனா இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது, எல்லோரிடமும் சரியான வினாத்தாள் இருக்கிறதா, எல்லாப் பக்கங்களும் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று உறுதிசெய்வது.

பன்னிரண்டாம் வகுப்பில் இது குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய செய்தி, ஏனென்றால் ஒரே நாளில் ஒரே அறையில் வெவ்வேறு பாடங்கள் வரும். கணினி அறிவியல் எழுதும் மாணவனும் கணினிப் பயன்பாடுகள் எழுதும் மாணவனும் அடுத்தடுத்த மேசையில் இருப்பார்கள். இரண்டு தாள்களின் தலைப்பும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளை தன் கையில் கிடைத்ததைத் தன்னுடையது என்றே எண்ணிக்கொண்டு, “இதெல்லாம் எங்களுக்கு நடத்தவே இல்லையே” என்று கலங்கி உட்கார்ந்திருக்கும்; கேட்கவும் பயப்படும். உயிரியல் தேர்வில் தாவரவியல் பகுதிக்கும் விலங்கியல் பகுதிக்கும் தனித்தனி விடைத்தாள். இரண்டும் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றனவா, எதில் எதை எழுதத் தொடங்குகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

பேனாவை எடுக்கும் முன் சொல்ல வேண்டியவை சில உண்டு. நீலம் அல்லது கறுப்பு மையில் மட்டும் எழுத வேண்டும். வண்ணப் பென்சிலால் அடிக்கோடு இடக் கூடாது. உள்ளே எங்கும் பெயரோ பதிவெண்ணோ எழுதக் கூடாது. இவற்றைச் சொல்பவர்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேருக்குத் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போடாமல் கை ஓடாது. சிலர் சிலுவையோ 786 என்றோ குறிப்பார்கள். விடைத்தாளில் அடையாளக் குறிகள் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. “சாமியை மனசுக்குள்ளேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள், தாளில் போட வேண்டாம்” என்று சொன்னால் அறையில் ஒரு சிறு சிரிப்பு எழும்; இறுக்கமும் சற்றுத் தளரும். எழுதிய விடைகள் முழுவதையும் தானே கோடிட்டு அடித்துவிடுவதும் ஒழுங்கீனச் செயலாகவே கொள்ளப்படும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கோபத்திலோ விரக்தியிலோ அப்படிச் செய்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

முகப்புத்தாளில் உங்கள் கையொப்பம் ஒரு சடங்கு அன்று. ஒளிப்படத்தையும் முகத்தையும், நுழைவுச்சீட்டின் எண்ணையும் தாளின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பதற்கான உறுதிமொழி அது. நேரம் மிச்சப்படுத்த மொத்தமாகக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். வராத மாணவரின் விடைத்தாளை உடனே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

எங்கே நிற்பது, எப்படிப் பார்ப்பது

முதல் அரைமணி நேரம் அறையின் முன்புறம் ஓரமாக நின்று முகங்களைப் பார்ப்பது நல்லது. யாருக்கு எழுத்து ஓடுகிறது, யார் முதல் பக்கத்திலேயே தயங்குகிறார், யார் தண்ணீரைத் தேடுகிறார் என்பதெல்லாம் அப்போது தெரியும். அதன் பிறகு பின்புறம் செல்லுங்கள். கண்காணிப்பாளர் எங்கே இருக்கிறார் என்று எழுதிக்கொண்டிருப்பவர் தேடமாட்டார். வேறு திட்டம் உள்ளவர்தாம் தலையைத் திருப்பித் தேடுவார். பின்னாலிருந்து பார்க்கும்போது அந்தத் தலைத்திருப்பல் உடனே கண்ணில் படும். நான் நம்பும் ஒரே நிச்சயமான அடையாளம் இதுதான்.

மற்ற அடையாளங்களில் அவசரப்படக் கூடாது. கூரையைப் பார்ப்பது, உதடு அசைப்பது, விரல் விட்டு எண்ணுவது, கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டுவது எல்லாம் நினைவுகூரும் முயற்சிகள். செய்யுளை மனப்பாடமாக எழுதும் பிள்ளை முதல் அடியிலிருந்து முணுமுணுத்தால்தான் நான்காம் அடி வரும். சந்தேகத்திற்குரியவை வேறு: மேசைக்கடியில் தங்கிவிட்ட இடக்கை, ஒரே திசையில் மீண்டும் மீண்டும் செல்லும் பார்வை, வினாத்தாளின் ஓரத்தில் எழுதி அதை மேசை விளிம்புக்கு நகர்த்தி வைப்பது, ஒரே அழிப்பானை இருவர் மாறி மாறிக் கேட்பது. அதிகமாகக் கைமாறுவது ஒரு மதிப்பெண் வினாக்களின் விடைகள்தாம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் பதினான்கு, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் பதினைந்து, வணிகவியலில் இருபது என்று இருக்கும் இவற்றுக்கு அ, ஆ, இ, ஈ என்ற நான்கு எழுத்தே போதும் என்பதால் இருமலிலும் விரலிலும்கூட விடை சொல்லிவிட முடியும். மாணவர்கள் முதலில் எழுதுவதும் பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். ஆகவே முதல் இருபது நிமிடத்தில் கவனம் கூர்மையாக இருந்தால் பின்னர் பெரிதாக அலைய வேண்டியிருக்காது.

ஓயாமல் நடக்காதீர்கள். இடைவெளி ஒரே சீராக இருந்தால் அதையும் கணக்கிட்டுவிடுவார்கள்; நிற்பதும் நகர்வதும் முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் அந்த மேசையை நோக்கி இரண்டடி எடுத்து வைத்து அங்கேயே நின்றாலே போதும், பேச வேண்டியதில்லை. ஒருவர் செய்ததற்காக அறை முழுக்கக் கேட்கும்படி, “ஏய், அங்கென்ன பேச்சு?” என்று அதட்டும்போது மீதி அனைவருடைய எண்ண ஓட்டமும் அறுந்துபோகிறது.

ஒரு பிள்ளையின் தோளுக்கு மேல் குனிந்து அது எழுதுவதைப் படிப்பதைத் தவிர்க்க வேண்டும். ஆசிரியருக்கு இது கடினம். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஒரு மாணவி வரைபடத்தாளில் அச்சுகளை வரைந்து, புள்ளிகளைச் சரியாகக் குறித்து, பரவளையத்தைத் திருத்தமாக இணைத்துவிட்டு, மேல் மூலையில் அளவுத்திட்டம் எழுதாமலே பக்கத்தைப் புரட்டுவாள். கணித ஆசிரியருக்கு அன்று பணி இல்லை என்றாலும், அறிவியல் ஆசிரியருக்கும் அந்தக் காலி மூலை கண்ணில் படாமல் போகாது. கை துடிக்கும். அந்த மூலையை விரலால் தொட்டுக் காட்டினால்கூட அது உதவிதான். அடுத்த மேசையில் அதே தவறைச் செய்தவனுக்கு அந்த விரல் கிடைக்கவில்லை. சுட்டிக்காட்டுவது மட்டுமன்று, நின்று பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பதும் தலையாட்டுவதும்கூடக் குறிப்புதான். சரியாக எழுதிக்கொண்டிருந்த விடையை, ஆசிரியர் பக்கத்தில் நின்று உற்றுப் பார்த்தார் என்பதற்காகவே அடித்துவிட்டு மாற்றி எழுதும் பிள்ளைகள் உண்டு. விடைத்தாளை நெருங்க வேண்டிய தேவை இருந்தால் பக்கவாட்டிலிருந்து, அவர்கள் பார்க்கும்படி வாருங்கள். வேலை முடிந்ததும் நகர்ந்துவிடுங்கள்.

துண்டுச்சீட்டு அகப்பட்டால்

‘பிட்’ கண்ணில் பட்டால் பாய்ந்து பறிக்காதீர்கள். அமைதியாக அருகில் சென்று சீட்டையும் விடைத்தாளையும் பெற்றுக்கொண்டு, வெளியே உள்ள பணியாளர் மூலம் முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் செய்தி அனுப்புங்கள். அடிப்பது, திட்டுவது, பெற்றோரைப் பற்றிப் பேசுவது, “உன் வாழ்க்கையே போச்சு” என்பது ஆகிய எதற்கும் நமக்கு உரிமை இல்லை. நடந்தது என்ன, எந்த நேரத்தில், எது கைப்பற்றப்பட்டது என்பதை மட்டும் எழுத்தில் தர வேண்டும். தண்டனை என்ன என்பதை அரசுத் தேர்வுகள் இயக்ககம் முடிவு செய்யும். அதைப் பற்றி மாணவரிடம் ஊகம் பேசுவதும் தவறு.

அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பிடிபட்ட பதினாறு வயதுப் பிள்ளைக்கு அப்போது வீட்டு முகமும் தெரு முகமும்தான் மனத்தில் ஓடும். பெற்றோரோ பள்ளி ஆசிரியரோ வந்து அழைத்துச் செல்லும் வரை உடன் ஒருவர் இருக்க ஏற்பாடு செய்யும்படி முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417, மருத்துவ உதவிக்கான 104 ஆகிய எண்களைக் குறித்து வைத்துக்கொள்வதும் நல்லது.

பறக்கும் படை வந்தால் வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள், பதற வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் காணத் தவறிய சீட்டை அவர்கள் கண்டெடுத்தால் விளக்கம் கேட்கப்படுவது உங்களிடம்தான். அது 17(ஆ) வரை, அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின்படியான கடும் நடவடிக்கை வரை, போகக்கூடும்.

எழுதாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை

பதினொன்றரை மணிக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சன்னலைப் பார்க்கும் பிள்ளை ஏறத்தாழ எல்லா அறையிலும் உண்டு. தேர்வு முடியும் முன் வெளியே அனுப்ப முடியாது. “தண்ணீர் குடி, வினாத்தாளை இன்னொரு முறை முதலிலிருந்து படி, தெரிந்ததை எழுது” என்ற அளவுக்குப் பேசலாம்; எந்த வினா எளிது என்று சொல்லக் கூடாது. அழுகை வந்துவிட்ட பிள்ளையிடம் காரணம் கேட்டு நிற்காதீர்கள். கேட்கக் கேட்க அழுகை கூடும். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்குபவர்களும் மார்ச் வெயிலில் மூக்கில் இரத்தம் வடிபவர்களும் உண்டு. தாளை முதலில் நகர்த்தி வைத்து, பிறகு பிள்ளையைக் கவனித்து, உடனே ஆள் அனுப்ப வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும் மாணவருடன் ஒருவர் செல்ல வேண்டும். விடைத்தாள் மேசையிலேயே இருக்க வேண்டும். மாணவிகளுக்கு மாதவிடாய் வந்துவிட்டால் அதை ஆண் ஆசிரியரிடம் சொல்லத் தயங்குவார்கள். “வெளியே போகணும்” என்று மட்டும் கேட்டால் எதற்கென்று வினவாமல் பெண் பணியாளரை வரவழையுங்கள்.

சொல்வதை எழுதுபவர் துணையுடன் தேர்வெழுதும் மாற்றுத்திறனாளி மாணவரின் அறை உங்களுக்கு அமைந்தால், கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு என்பதை மனத்தில் கொண்டு அதற்கேற்பத் திட்டமிடுங்கள். மாணவர் சொன்னது மட்டுமே தாளில் ஏற வேண்டும். எழுதுபவர் தம் அறிவால் திருத்துவதும், அவசரத்தில் சுருக்குவதும், இரண்டுமே அந்த மாணவருக்கு இழைக்கும் அநீதிதான்.

“கொஞ்சம் பாத்துக்குங்க சார்”

இதைச் சொல்பவர் பெரும்பாலும் மரியாதைக்குரிய ஒருவராகவே இருப்பார். நூறு சதவீதத் தேர்ச்சி என்ற சுமை அவர் தலையில் இருக்கும். தேநீர் கொடுத்துக்கொண்டே, “மூணாவது வரிசையில ஒரு பையன், முப்பத்தஞ்சு வந்தா போதும், கொஞ்சம் கண்டுக்காதீங்க” என்பார். வாதம் செய்ய வேண்டாம். “எல்லாரையும் நல்லா பாத்துக்குறேன் சார்” என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடலாம். வற்புறுத்தினால், மையத்தில் தேர்வை மேற்பார்வையிடும் துறை அலுவலரிடம் சொல்லுங்கள். தேர்ச்சி பெறாதவருக்குச் சில மாதங்களிலேயே துணைத்தேர்வு இருக்கிறது. கண்டும் காணாமல் விடப்பட்ட அறையில் நேர்மையாக எழுதிய பிள்ளையின் தரவரிசைக்கு அப்படி ஒரு மறுவாய்ப்பு இல்லை.

கடைசிக் கால்மணி நேரம்

அரைமணி நேரம் இருக்கும்போதும் பத்து நிமிடம் இருக்கும்போதும் தணிந்த குரலில் நேரத்தைச் சொல்லுங்கள். அடிக்கடி சொன்னால் பதற்றம்தான் மிஞ்சும். கூடுதல் தாள், வரைபடத்தாள், சமூக அறிவியலில் நிலவரைபடம் ஆகியவை நூலால் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொருவரிடமும் பார்க்க வேண்டும். எட்டு மதிப்பெண் வரைபடத்தாள் மேசையிலேயே கிடந்துவிட்டால் அந்த மதிப்பெண்ணை யாராலும் மீட்டுத்தர முடியாது. எழுதாத பக்கங்களைக் குறுக்குக் கோடிட்டு அடிக்கச் சொல்லும்போது, எழுதிய பக்கத்தை அடித்துவிடாமல் கவனியுங்கள்.

இறுதி மணி அடித்ததும் எவரையும் எழவிடாதீர்கள். நீங்களே ஒவ்வொரு மேசைக்கும் சென்று பதிவெண் வரிசைப்படி விடைத்தாள்களைப் பெற்று, எண்ணி, வருகைப் பதிவுடன் ஒப்பிட்டு, எண்ணிக்கை சரியாக இருந்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். “சார், பஸ் போயிடும்” என்று கெஞ்சுவார்கள்; இரண்டு நிமிடம்தான், உறுதியாக இருங்கள். மேசைகளின் மேலும் கீழும் ஒரு முறை பார்த்துவிட்டு, மீதமான வினாத்தாள்களையும் வராதவர்களின் விடைத்தாள்களையும் தனியே அடுக்கி, நேராக முதன்மைக் கண்காணிப்பாளர் அறைக்குச் செல்லுங்கள். வழியில் எவருக்காகவும், எதற்காகவும் கட்டைக் கீழே வைக்கக் கூடாது. உங்கள் கண்முன்னே மீண்டும் எண்ணிப் பெற்றுக்கொண்ட பின்னரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அறையில் மயக்கமோ தாள் கிழிந்ததோ வேறு ஏதாவதோ நடந்திருந்தால் நேரத்துடன் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் நகல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, பிறகு கிளம்புங்கள்.